அளவு சரி, வரிசை பிழை

தம்பி, தங்கச்சிமாருக்கு,

நீங்கள் ஸ்கீவ நகரத்துக்கு வெளியில் இருக்கிற அந்தப் பட்டறையில் சேர்ந்தது கேள்விப்பட்டேன். நல்லது. உங்களில் ஒரு பிள்ளை கோயில் வாசலில் என்னைக் கண்டு, "அங்கிள், நீங்கள்தானே அங்கை முதல் நிண்ட தமிழ் ஆள், எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோவன்" என்று கேட்டது. ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் எட்டாம் வகுப்போடு மன்னாரில் கடலுக்குப் போனவன். எழுதிப் பழக்கமில்லை. கதைக்கிறதும் குறைவு. தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளை அம்மாவிடம் கொடுத்து வாசிப்பிக்கவும்.

மெசின் எப்படி ஓட்டுறது என்று நான் எழுதப் போவதில்லை. அதைப் பட்டறையில் காட்டுவார்கள். நான் நின்ற காலத்து மெசின் இப்போது இல்லை. ஆபத்து தலைக்கு மேல் வந்துவிட்ட நேரத்தில் என்ன செய்கிறது என்பது மட்டும் எழுதுகிறேன். அதற்கு ஒரு சம்பவம் போதும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் டென்மார்க்குக்கு வந்து அதிக காலம் இல்லை. பட்டறை முன்பு பால் பண்ணையாக இருந்த கட்டிடம். சுவரெல்லாம் வெள்ளை ஓடு. வெயில் காலத்திலும் உள்ளே குளிர். முதலாளியை எல்லோரும் மெஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

இந்த நாட்டில் ஊருக்கு ஒரு சூட்டுச் சங்கம் இருக்கும். எங்கட பக்கத்தில் உதைபந்தாட்டக் கழகம் மாதிரி. தோட்டக்காரர், ரீச்சர், தபால்காரர் எல்லோரும் சனிக்கிழமை குப்புறப் படுத்திருந்து கடதாசி அட்டைக்குத் துவக்கால் சுடுவார்கள். சுட்ட பிறகு மிஞ்சுகிற வெறும் பித்தளைக் கோதை எறிய மாட்டார்கள். சாக்கில் கட்டி எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் கழுவுவோம். பிறெஸ்ஸில் வைத்து அமத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டு வருவோம். பிறகு நீளத்தை வெட்டிச் சரிசெய்வோம். அதற்குப் பிறகு மெஸ்டர் உள் அறையில் தனியாக இருந்து மருந்தும் குண்டும் வைத்து மூடி ரவையாக்குவார். அந்த அறைக்குள் நாங்கள் போவதில்லை.

ஏன் வெட்டுகிறோம் என்பதை முதலே விளங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் பித்தளை கொஞ்சம் முன்னுக்கு ஓடும். கோது நீளும். நீண்ட கோதைத் துவக்குக்குள் விட்டால் அதன் வாய் முன்னால் முட்டி நெரிந்து, குண்டை இறுக்கிப் பிடிக்கும். குண்டு முன்னுக்குப் போக மறுத்தால் அமுக்கம் பின்னுக்கு வரும். பின்னுக்கு இருப்பது சுடுகிறவரின் கண்.

இந்த வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது எங்கட ஆட்கள் சிரித்தார்கள்.

"அன்ரன், துவக்குச் சத்தத்துக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்திட்டு, இங்கை வந்து ரவையோ செய்யிறாய்?"

"செய்யேல்லை. வெட்டுறன்."

"எதை வெட்டுறாய்?"

"நீளத்தை."

அதோடு விட்டுவிட்டார்கள்.

வெட்டு மேசையில் ஒரு டெனிஷ் மனுசி இருந்தா. என் வயதுதான். எந்த நேரமும் வாயில் உப்பு லிக்றிஸ் மிட்டாய் ஒன்று கிடக்கும். அவவும் என்னைப் போல, தேவையில்லாமல் வாய் திறக்கிற ஆள் இல்லை. ஒரு நாள் ஒரு கோது மெசின் பிடிக்குள் போகாமல் நின்றது. நான் கையால் தள்ளினேன். அவ என் கையைப் பிடித்து எடுத்துவிட்டா. "தள்ளாதை. ஏன் போகுதில்லை எண்டு முதல் பார்" என்றா. பார்த்தேன். கோதுக்கு அடியில் பித்தளைச் சீவல் ஒட்டியிருந்தது. அவ எனக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவ கையைப் பார்த்துப் பழகினேன்.

எனக்குப் பிறகு யோகன் வந்து சேர்ந்தான். சாவகச்சேரிப் பக்கம். ஊரில் லொறி ஓடினவன். நல்ல வேலைக்காரன், நல்ல வாய்க்காரன். நாங்கள் இரண்டு பேரும் ஸ்கீவவில் ஒரே வீட்டில் இருந்தோம். அவன் மனுசியும் சின்ன மகளும் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட மனுப் போட்டிருந்தான். பதில் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்புவான். அவனுடைய சிந்தனை முழுக்க அந்தப் பதிலில்தான் இருந்தது. ஏதாவது பிழை நடந்தால் அவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்று பயம். சிவப்பு லைற்றில் றோட்டைக் கடக்கவும் பயந்தான்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊர்ச் சூட்டுச் சங்கத்தில் போட்டி. எங்கட பட்டறை ரவைதான் அவர்களுக்குப் போனது. "நீங்களும் வாங்கோ, கஃபெயும் கேக்கும் இருக்கு" என்று மெஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். வெட்டு மேசை மனுசி தன் காரில் ஏற்றிக்கொண்டு போனா. அவவும் சுடுகிறவதான்.

திடலைச் சுற்றி மஞ்சள் பூத்த வயல். ஃபியோர்ட் கடல்வாய்ப் பக்கமிருந்து காற்று. மேசையில் சின்னக் கொடி குத்தி, கிறீம் கேக் வைத்திருந்தார்கள். முதல் சூடு கேட்டதும் நானும் யோகனும் குனிந்துவிட்டோம். பக்கத்தில் நின்ற கிழவி எங்களைப் பார்த்துவிட்டு, கோப்பையில் சுடச்சுடக் கஃபெ ஊற்றித் தந்தா. ஒருவர் அட்டையின் நடுவில் சுட்டுவிட்டார் போல, எல்லோரும் கை தட்டினார்கள்.

"அண்ணை" என்றான் யோகன், "இங்கை சுட்டால் கை தட்டுறாங்கள்."

"ஓம்."

"ஊரிலை போய்ச் சொன்னால் நம்புவாங்களோ?"

"சொல்லாதை."

அவன் இன்னொரு துண்டு கேக் எடுக்கப் போனான். நான் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எங்களுக்குக் கிட்டவாகப் படுத்திருந்தவர் ஒரு தோட்டக்காரர். மெஸ்டருக்குப் பக்கத்து வீடு. துவக்கு புதிது. ரவைப் பெட்டி எங்கட பட்டறைப் பெட்டி. அவர் ரவையை வைத்து, துவக்கை மூடுகிற போல்ட்டைத் தள்ளினார். மூடவில்லை. இழுத்துத் திரும்பத் தள்ளினார். பாதியில் நின்றது. பிறகு உள்ளங்கையால் ஒரு அடி அடித்தார். இன்னொரு அடிக்குக் கையை ஓங்கினார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும்.

அந்த நேரம் எனக்கு ஒன்றும் நிச்சயமாகத் தெரியாது. துவக்குக்குள் ஊத்தை இருக்கலாம். ரவை நெளிந்திருக்கலாம். கோது நீண்டும் இருக்கலாம். மற்றவர்கள் எல்லோரும் அதே பெட்டி ரவையைத்தான் சுடுகிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் பிழையாக இருந்தால் ஊரே பார்க்க ஒரு போட்டியைக் குழப்பின அகதி நான். மெஸ்டருக்குக் கெட்ட பேர்.

இன்னொன்றும் இருந்தது. துவக்கு வைத்திருக்கிறவனுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று எங்கட தலைமுறைக்கு உடம்பே பழகியிருந்தது. கையை வெளியில் காட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. இப்போது ஒரு வரிசை துவக்குகளுக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட வேண்டும். உடம்பு மாட்டேன் என்றது.

நான் யோசித்தது இவ்வளவுதான். பிழையாகக் கத்தினால் வெட்கம். வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கத்தாமல் விட்டுப் பிழையாகப் போனால் அந்த மனுசனின் கண். கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ள ஏலாது.

"ஸ்டொப்!" என்று கத்தினேன்.

கடலில் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுகிற குரல் அது. இந்த நாட்டில் நான் அதை அதுவரை எடுத்ததில்லை. சூடு எல்லாம் நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. தோட்டக்காரர் ஓங்கின கையோடு என்னைப் பார்த்தார். திடல் பொறுப்பாளர் கோபமாக வந்தார். எனக்கு டெனிஷ் அவ்வளவு வராது. கையைக் காட்டி, "தள்ள வேண்டாம். தள்ள வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

அங்கால் படுத்திருந்த எங்கட வெட்டு மேசை மனுசி எழும்பி வந்தா. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோட்டக்காரரிடம் அந்த ரவையை மெல்ல வெளியில் எடுக்கச் சொன்னா. காருக்குப் போய்த் தன் வேணியர் அளவுகோலைக் கொண்டு வந்து கோதின் நீளத்தை அளந்தா. திரும்ப அளந்தா. பெட்டியிலிருந்து வேறு ஒன்றை எடுத்து அளந்தா. பிறகு வேணியரை மெஸ்டரிடம் நீட்டினா. மெஸ்டர் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போனது.

கோது நீளம். வாயும் நெரிந்திருந்தது. மற்றவர்களின் பழைய துவக்குகளில் உள்ளே இடம் கூடுதல். அதனால் விழுங்கிக்கொண்டது. புதுத் துவக்கு விழுங்கவில்லை.

"இதை ஆர் வெட்டினது?" என்று மெஸ்டர் கேட்டார். கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டார்.

யோகன் கேக் தட்டோடு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவன் பெட்டியின் பக்கத்தில் எழுதியிருந்த இலக்கத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணை, இது நான் வெட்டினது."

"அளந்தனியோ?"

"ஒவ்வொண்டா அளந்தனான். மாதா சத்தியமா அளவு சரி." அவன் சைவம். நான் கத்தோலிக்கன் என்று எனக்காக மாதாவைக் கூப்பிட்டான்.

"எப்ப வெட்டினனி?"

"பிறெஸ் உடைஞ்சு கிடந்த அண்டைக்கு."

எனக்கு விளங்கிவிட்டது. அவனுக்கும் அந்த நேரம்தான் விளங்கியது.

நடந்தது இதுதான். போட்டிக்குக் கொஞ்ச நாள் முதல் பிறெஸ்ஸின் கை உடைந்துவிட்டது. ஓல்போர்க் நகரத்திலிருந்து சாமான் வர வேண்டும். வெட்டு மேசை மனுசி, மகனின் கொன்ஃபர்மேஷன் என்கிற தேவாலயச் சடங்குக்கு லீவு. மெஸ்டர் எங்களிடம், "வேலை இல்லை. கஃபெ குடியுங்கோ. வேணுமெண்டால் வீட்டை போங்கோ. சம்பளம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு டெனிஷ்காரன் என்றால் கஃபெ குடித்திருப்பான். எங்களுக்கு அது ஏலாது. வேலை செய்யாமல் சம்பளம் எடுக்கிறது களவு மாதிரி. வந்த புதிதில் எங்கட ஆட்கள் எல்லோருக்கும் இந்த வருத்தம் இருந்தது. நான் கழுவுகிற அறைக்குள் போய், கழுவின சாக்கையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். யோகன் வெட்டு மேசையில் போய் இருந்தான். கழுவின கோது ஒரு பெட்டி நிறைய இருந்தது. பிறெஸ் வந்ததும் வேலை சுறுக்காக முடியட்டும் என்று அதை வெட்டி வைத்தான். பித்தளையை வீணாக்கக் கூடாது என்று, விடக்கூடிய மேல் அளவுக்கே விட்டு வெட்டினான். ஒவ்வொன்றாக அளந்தான்.

கோது சூட்டில் மட்டும் நீளுவதில்லை. பிறெஸ்ஸில் அமத்தும்போதும் நீளும். பக்கத்தால் நெருக்கினால் பித்தளை மேலேதானே போகும். அதனால்தான் முதல் அமத்தி, பிறகு வெட்டுகிறோம். அவன் வெட்டினபோது அளவு சரி. அளந்ததும் சரி. அமத்தின பிறகு அந்த அளவு இல்லை.

அந்தக் காலம் பெட்டியில் சோக்கால் கோடு போடுவோம். அமத்தினால் வெள்ளைக் கோடு. வெட்டினால் நீலக் கோடு. இரண்டும் இருந்தால் உள் அறைக்குப் போகலாம். எது முதல் விழுந்தது என்று கோடு சொல்லாது. பிறெஸ் திருத்தி வந்ததும் மெஸ்டரே நின்று அமத்தினார். நீலக் கோட்டைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டைப் போட்டார். பெட்டி உள்ளே போனது.

வெள்ளைக் கோடு இல்லாத பெட்டி வெட்டு அறைக்குள் வரக் கூடாது என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தச் சட்டம் இதற்குப் பிறகு வந்தது.

திடலுக்கு வருகிறேன்.

எல்லோரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாங்கள் தமிழில் கதைக்கிறோம். யோகன் சத்தத்தைக் குறைத்துக் கேட்டான்.

"அண்ணை, சொல்லட்டோ? பொலிஸ் வந்து எழுதினால் என்ர மனுசி பிள்ளையின்ரை அலுவல் முடிஞ்சுது."

அவன் சொல்லாமல் விட்டாலும் அந்த இடத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லியிருக்கப் போவதில்லை. நியாயம், பாவம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. ரவையைத்தான் யோசித்தேன். எப்படிப் பிழை வந்தது என்று தெரியாவிட்டால் எங்கட பட்டறையிலிருந்து வெளியில் போன பெட்டி எல்லாம் சந்தேகம். எந்த ஊரில், எந்தத் துவக்கில், எந்தக் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்று தெரியாது. எப்படிப் பிழை வந்தது என்று தெரிந்தால் அந்த ஒரு பெட்டிதான் பிழை.

"சொல்லு" என்றேன். "அப்பதான் மற்றப் பெட்டியள் தப்பும்."

அவன் தட்டை என்னிடம் தந்தான். மெஸ்டருக்கு முன்னால் போய், "நான்" என்றான். பிறெஸ்ஸுக்கு முதல், வெட்டு. அவனுக்கு வந்த டெனிஷ் அவ்வளவுதான். கையால் வரிசையைக் காட்டினான்.

மெஸ்டர் அவன் கையைப் பார்த்தார். பிறகு, "ஓம். நான்தான் பிறகு அமத்தினனான்" என்றார். திரும்பிப் போய்ப் பொறுப்பாளரோடு கதைத்தார். அந்தப் பெட்டி ரவை எல்லாவற்றையும் சேர்த்தார்கள். மனுசி ஒவ்வொருவரின் பையையும் தானே பார்த்தா. வேறு ரவை கொடுத்து, போட்டி திரும்பத் தொடங்கியது. தோட்டக்காரர், போட்டியை நிறுத்தினவன் நான்தானே என்று, என்னிடம் வந்து, "நான் முதலிலை இருந்து சுடலாமோ எண்டு கேட்டுச் சொல்லுவியோ?" என்றார். ஒரு அட்டையில் மோசமாகச் சுட்டிருந்தாராம். சுடலாம் என்று விட்டார்கள்.

எங்களுக்கு இன்னும் கஃபெ தந்தார்கள். கேக்கும் தந்தார்கள். ஒருவரும் யோகனை ஒரு சொல் சொல்லவில்லை. மனுசி காரில் கொண்டு வந்து இறக்கி, "ஹாய்" என்று விடைபெற்றுக்கொண்டு போனா.

நான் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

யோகன் குசினியில் போய் இருந்தான். சோறு போட்டேன். தொடவில்லை.

"ஒருத்தரும் ஏசேல்லை, அண்ணை."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? அந்த மனுசன்ரை கண் போயிருக்கும். ஏசேல்லை எண்டால் என்ன அர்த்தம்? முடிவெடுத்திட்டாங்கள். மரியாதையா அனுப்பப் போறாங்கள். ஊரிலை லொறி முதலாளி எண்டால் என்ன செய்வார்? என்ரை அப்பன் ஆத்தை எல்லாரையும் இழுத்து ஏசுவார். கையாலையும் ஒண்டு தருவார். பின்னேரம் 'வாடா தேத்தண்ணி குடிப்பம்' எண்டுவார். அதோடை சரி. இது என்ன இது, கேக் தருகினம்!"

"யோகன், சாப்பிடு."

"நான் திங்கட்கிழமை போகமாட்டன். ஜேர்மனிக்குப் போறன். அங்கை மச்சான் நிக்கிறான்."

"மனு போட்டது இங்கை. நீ போனால் அவையள் ஆரிட்டை வாறது?"

ஞாயிறு காலமை எழும்பிப் பார்த்தால் பையைக் கட்டிக் கதவடியில் வைத்திருக்கிறான்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சொன்னாலும் அவன் கேட்கிற நிலையில் இல்லை. அவனுக்குத் தேவை ஆறுதல் இல்லை என்று மட்டும் விளங்கியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மெஸ்டரின் வீட்டுக்குப் போனேன். எதிர்க் காற்று. அவர் முற்றத்தில் கொடிக்கம்பத்துக்கு வெள்ளைப் பெயின்ற் பூசிக்கொண்டு நின்றார்.

"அன்ரன். கஃபெ?"

"வேண்டாம். நீங்கள் யோகனை..."

ஏசுறதுக்கு டெனிஷில் என்ன சொல் என்று எனக்கு அப்போது தெரியாது. விரலை ஆட்டி, முகத்தைக் கோணி, சத்தம் போட்டுக் காட்டினேன். அவருடைய நாய் குரைத்தது.

"என்னிலை கோபமோ?" என்று கேட்டார்.

"இல்லை. நீங்கள். யோகனுக்கு."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மிச்சத்தை அரைகுறை டெனிஷிலும் கையாலும்தான் கதைத்தோம். தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஏன் ஏச வேணும்? பிழை எண்டு அவனுக்குத் தெரியும். தானே சொன்னவன்."

"அவனுக்குப் பிழை தெரியும். உங்கடை கோபம் முடிஞ்சுதோ எண்டு தெரியாது."

"எனக்குக் கோபம் இல்லை."

"அதுதான் பிரச்சினை. வேலையை விட்டுப் போறான். பொலிஸ் வரும் எண்டு பயம்."

"எதுக்குப் பொலிஸ்? ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. சங்கத்துக்கு நானே எல்லாம் சொல்லியாச்சு."

"அதை நான் சொன்னால் அவன் நம்பான். ஏசிப்போட்டுச் சொல்லுங்கோ."

தங்கச்சி, தம்பி, நீங்கள் இங்கே பிறந்த பிள்ளைகள். ஒருவர் பேசாமல் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று எடுக்கிறீர்கள். பட்டறையில் எல்லோரும் அப்படி இல்லை. இப்போது வேறு வேறு நாட்டு ஆட்களும் நிற்கிறார்கள். பிழை விட்டவனை ஒன்றும் சொல்லாமல் விடுவது உங்களுக்கு மரியாதை. அவனுக்கு அது கதவைச் சாத்துகிற சத்தமாகக் கேட்கும். முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சொல்லி முடியுங்கள். பிறகு அவன் கையில் வேலையைக் கொடுங்கள்.

மெஸ்டர் என் சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். கையில் வெள்ளைப் பெயின்ற் காயவில்லை. குசினிக்குள் வந்ததும் யோகன் எழும்பி நின்றான். பை கதவடியில் இருந்ததை மெஸ்டர் கண்டார்.

"தொடங்குங்கோ" என்றேன்.

"யோகன்" என்றார் மெஸ்டர், "நேற்று நடந்தது நல்லதில்லை."

நான் தலையை ஆட்டினேன். "காணாது. இன்னும் ஏசுங்கோ."

"சத்தமாவோ?"

"சத்தமா."

அவர் மூச்சை இழுத்தார். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று பார்க்கத் தெரிந்தது. முதல் இரண்டு சொல் நாடகம் மாதிரித்தான் வந்தது. பிறகு உண்மையிலேயே வந்துவிட்டது.

"ஆர் உன்னை வெட்டச் சொன்னது? கஃபெ குடி எண்டு சொன்னால் ஏன் குடிக்கேல்லை? மாடு! வேலை இல்லை எண்டால் இல்லை! அவன் என்ரை பக்கத்து வீடு! அவனோடைதான் நான் பள்ளிக்கூடம் போனனான்! அவன்ரை கண் போயிருந்தால் நான் அவன்ரை மனுசியின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. மேல் வீட்டுக்காரர் நிலத்தில் தட்டினார். மெஸ்டர் பெரிய ஆள். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை தொடக்கம் அந்தப் பயத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் கம்பத்துக்குப் பெயின்ற் பூசியிருக்கிறார். ஏச்சு அவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன்.

"பொலிஸ் வராது" என்றார் பிறகு, மெல்ல. "உன்ரை மனுசியும் பிள்ளையும் வாறதுக்கும் இதுக்கும் ஒரு தொடுப்பும் இல்லை." நான் அதைத் தமிழில் யோகனுக்குச் சொன்னேன். மெஸ்டர் என்னைப் பார்த்து, "காணுமோ?" என்றார்.

"காணும்."

யோகனின் கண் கலங்கியிருந்தது. ஆனால் தோள் இரண்டும் கீழே இறங்கியிருந்தன. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து அவை காதடியில் நின்றவை.

மெஸ்டர் கதிரையை இழுத்து இருந்தார். நெற்றியைத் துடைத்தார். நெற்றியெல்லாம் வெள்ளையானது.

"பிறெஸ்ஸிலை அமத்தினது நான்" என்றார். "நீலக் கோட்டைப் பார்த்து அளக்காமல் விட்டது நான். மருந்து வைச்சு மூடினதும் நான். என்னை ஆர் ஏசுறது?"

நான் அதைத் தமிழில் யோகனுக்குச் சொன்னேன்.

யோகன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு வாய் திறந்தான். லொறி ஓடினவன். மெஸ்டரின் கண் முகத்தில் எதற்கு இருக்கிறது என்பதில் தொடங்கினான். வேணியர் என்ன, முதுகு சொறியவா என்று கேட்டான். அங்கிருந்து மேலே போனதை நான் எழுத மாட்டேன், உங்கள் அம்மாமார் வாசிப்பார்கள். முழுதும் தமிழ். ஒரு சொல்லும் மெஸ்டருக்கு விளங்கியிருக்காது. ஆனால் அவர் முழங்காலில் கையை வைத்து, நிமிர்ந்து இருந்து, பூசையில் இருக்கிற மாதிரி எல்லாவற்றையும் கேட்டார்.

முடித்துவிட்டு யோகன் அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தான். மூன்று சோற்றுக் கோப்பை எடுத்து வைத்தான்.

"என்ன சொன்னவன்?" என்று மெஸ்டர் என்னைக் கேட்டார்.

"நாளைக்கு வேலைக்கு வாறானாம்" என்றேன்.